ஏழு என்று எழுதினேன்

உள்ளூர்ப் பத்திரிகை என் கணவருக்கு ஆறு வரி கொடுத்திருந்தது. அதில் நான்கு ஹார்லன் ஸ்டின்ச்ஃபீல்டைப் பற்றியவை. ‘1954 ஆகஸ்டில் ஹார்லன் நிகழ்த்திய அப்பழுக்கற்ற ஆட்டத்தில் இடதுபுறம் நின்றவர்’ என்று ஒவீட் பெல்கியின் ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையை முடித்துவிட்டார்கள். காகித ஆலையின் மர முற்றத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். சனிக்கிழமை பீன்ஸ் வேகவைப்பதில் என்னை நம்பாதவர். அளவுக்கு மேல் மொலாசஸ் பாகை ஊற்றிவிட்டு, பானை சரியில்லை என்று சொல்பவர். இதெல்லாம் பத்திரிகைக்குத் தேவையில்லை. அவர்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க ஏற்றுக்கொள்ளாமல் இருந்தார். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மார்டன் ஃபால்ஸ். நதி கடலைச் சேர்வதற்குப் பத்து மைல் முன்னால், மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. ஊர் பேஸ்பால் அணியின் மைதானம் நதிக்கரையில். இடதுபுறம் தரை சரிந்து, வேலி ஏதுமின்றி, புதர்களில் போய் முடியும். புதர்களுக்குப் பின்னால் நதியில் மரக்கட்டைகளைச் சங்கிலி போட்டு ஆலைக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள்.

1952 வசந்தத்தில், பனிக்கட்டி உடைந்த வாரம், அந்தக் கட்டைகள்மேல் கொக்கிக் கழியோடு நடந்துகொண்டிருந்த லூசியன் மிஷோ தவறி விழுந்தான். அவன் தலைக்கு மேல் கட்டைகள் மூடிக்கொண்டன. பதினோரு நாள் கழித்து அணைக் கம்பிகளில் கிடைத்தான். இருபத்திரண்டு வயது. அணியில் இடதுபுறம் நின்றவன் அவன்தான். அணியில் பிரெஞ்சு பேசியவர்கள் அவனும் ஒவீட்டும் மட்டும்தான். அதற்கு முந்திய இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒவீட்டுக்கு அந்த இடம் கிடைத்தது இப்படித்தான். மகிழ்ச்சியோடு அதை எடுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் அப்போது ஆசிரியர் கல்லூரியை முடித்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஸ்கோர் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில், கம்பி வலைக்குப் பின்னால், எனக்கு ஒரு மேசை. அங்கிருந்து மைதானமும் தெரியும், பெஞ்சில் இருப்பவர்கள் பேசுவதும் கேட்கும்.

ஸ்கோர் புத்தகத்தில் ஆட்களின் பெயரை ஒவ்வொரு முறையும் எழுதமாட்டோம். இடத்துக்கு ஒரு எண். பந்தை எறியும் பிட்சர் ஒன்று. அவருக்கு எதிரே குந்தியிருக்கும் கேட்சர் இரண்டு. இடதுபுறம் ஏழு. யார் நின்றாலும் ஏழுதான்.

அப்பழுக்கற்ற ஆட்டம் என்றால், எதிரணியின் இருபத்தேழு முறைக்கும் வந்தவர் வந்தபடியே திரும்பிப் போகவேண்டும். ஒருவர்கூட முதல் தளத்தில் கால் வைக்கக்கூடாது. ஊர் அதை எங்கள் பிட்சர் ஹார்லனின் ஆட்டம் என்கிறது. என் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. அன்று எட்டுப் பேர் மட்டையில் பந்து படாமலே வெளியேறினார்கள். விதிப்படி அந்த எட்டும்கூடப் பந்தைக் கையில் வாங்கிய கேட்சர் பெயரில்தான் ஏறும். பதினெட்டுப் பேரைச் சுற்றி நின்றவர்கள் பிடித்தோ எறிந்தோ அனுப்பினார்கள். தலைக்கு நேர் மேலே எழும்பிய ஒரு பந்தை ஹார்லனே பிடித்தார். அவர் பெயரில் இருப்பது அந்த ஒன்றுதான்.

அந்த மாலை மழை விட்டு ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது பெஞ்சில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பிட்சர் அப்படி ஓர் ஆட்டத்தில் இருக்கும்போது அதன் பெயரை உச்சரிக்கக்கூடாது, அவரோடு பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. அவரும் யாரையும் திரும்பிப் பார்க்கக்கூடாது. மீறினால் அடுத்த பந்திலேயே எல்லாம் போய்விடும் என்பது வழக்கம். நீளமான பலகையின் ஒரு கோடியில் ஹார்லன் தனியாக, வலது கையில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் மறு கோடியில் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மறுபடியும் மழை வருமா?” என்று நடுவில் ஆடும் ராஸ்கோ கேட்டார்.

“வானத்தப் பத்திக்கூடப் பேசாத” என்றார் கோச் பர்டி.

ஏழாவது இன்னிங்ஸில் மூடுபனி வந்தது. கடலில் இருந்து நதி வழியாக ஏறி, புதர்களைத் தாண்டி, இடதுபுறத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் உயரம் ஆனது. அம்பயராக நின்ற முடிதிருத்துபவர் கிராஸ்பி ஆட்டத்தை நிறுத்தலாமா என்று யோசித்தார். ‘நிறுத்தாதே’ என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

ஒருவர் வெளியேறியிருந்தார். அடுத்து வந்த பண்ணைக்காரப் பையன் மட்டையை வீசிய சத்தத்திலேயே தெரிந்தது. பந்து இடதுபுறம் உயர்ந்து போனது. ஒவீட் முதுகைக் காட்டி ஓடினார். நான்கு அடி, ஐந்து அடி, பிறகு அவரைக் காணவில்லை. பந்து அவருக்குப் பின்னால் பனிக்குள் இறங்கியது.

தோல் கிளவ்வில் பந்து விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அடித்தவன் இரண்டாம் தளத்தைத் தாண்டி நின்றுவிட்டான், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல். மைதானம் முழுவதும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பென்சில் கட்டத்துக்கு மேலே நின்றது.

ஒவீட் நடந்து வெளியே வந்தார். பந்தைப் பிடித்தவர்கள் ஓடி வருவார்கள். இவர் யாருக்கோ வழிவிட்டு வருவதுபோல், ஒருக்களித்து, இரண்டு முறை பின்னால் பார்த்துக்கொண்டு வந்தார்.

கிராஸ்பி பாதி தூரம் எதிரே போய், “பிடிச்சியா?” என்று கேட்டார்.

ஒவீட் கிளவ்வைத் திறந்து காட்டினார். பந்து இருந்தது.

எதிரணியின் ஆள் ஒருவர் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “பிடிச்சாச்சுப்பா. தோல்ல விழுந்த சத்தம் எனக்கே கேட்டுது” என்றார். கிராஸ்பி அவுட் என்று முஷ்டியை உயர்த்தினார். நான் ஏழு என்று எழுதினேன்.

அந்த இன்னிங்ஸில் எதிரணியின் முறை முடிந்து எல்லோரும் பெஞ்சுக்கு வந்தபோது ஒவீட் நேராகக் கோச்சிடம் போனார்.

“கோச், அந்தப் பந்து…”

“எந்தப் பந்து? பந்துன்னு ஒண்ணும் இல்ல. உக்காரு.”

“இல்ல, ஒரு நிமிஷம் கேளு. அத நான்…”

கேட்சர் வாளியைத் தூக்கிவிட்டார். “ஒவீட், இன்னொரு வார்த்த பேசின, இந்தத் தண்ணி மொத்தமும் உன் தொண்டைல போகும்.”

ஒவீட் வாயை மூடிக்கொண்டு, மறு கோடியில், வாளி இருந்த இடத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை எங்கள் ஆள்கள் உள்ளே வந்த ஒவ்வொரு முறையும் அங்கேயேதான் உட்கார்ந்தார். எனக்கு இரண்டடி தூரம். அவர் கண்கள் பலகையின் எதிர்க் கோடியில் இருந்ததையும் பார்த்தேன். ஹார்லனைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது முடிந்து ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன சொல்வது?

அன்று தேவாலயக் கூடத்தில் விருந்து. ஹார்லன் மோசமான மனிதர் இல்லை. எழுந்து நின்று, “நான் எறிஞ்சேன், அவ்வளவுதான். பிடிச்சது நீங்க” என்று சொல்லி ஆட்டப் பந்தையும் பேனாவையும் சுற்றுக்கு விட்டார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒவீட்டிடம் வந்தபோது ஹார்லன் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. எனக்கு அது அப்போதே விசித்திரமாக இருந்தது.

“நான் போடல” என்றார் ஒவீட்.

“ஏன்?”

“அதுல எனக்குப் பங்கு இல்ல.”

ஹார்லன் வெளிறிப்போனார். பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த வெளிறலின் அர்த்தம் கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது: பந்து தரையில் பட்டிருக்குமோ. பட்டிருந்தால் அடித்தவன் வெளியேறவில்லை. அப்பழுக்கற்ற ஆட்டமும் இல்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை. ஊர் எல்லையில் ஹார்லன் பெயர் எழுதிய பலகை வைத்தார்கள். ஹார்லன் வெளியூர் அணி ஒன்றில் இரண்டு வருடம் எறிந்து, தோள் போய்த் திரும்பி வந்து இரும்புச் சாமான் கடை வைத்தார். முப்பத்துமூன்று வருடத்தில் அவரும் ஒவீட்டும் பேசியதெல்லாம் அந்தக் கடையில்தான். “எத்தன ஆணி?” “இருபது.” “எந்த சைசு?” அதோடு சரி.

அடுத்த கோடையில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஒவீட் இன்னும் நான்கு வருடம் ஆடினார். அந்த நான்கு வருடமும் தன் இடத்தில் நிற்கவில்லை. எல்லைக் கோட்டின் பக்கமாக எட்டடி தள்ளியே நிற்பார்.

“ஒவீட், நடுவுல என்ன பூசணித் தோட்டமா போட்டிருக்கு? மிதிச்சா என்ன? வா இந்தப் பக்கம்” என்று கோச் கத்துவார். இரண்டடி வருவார். அடுத்த பந்துக்குள் பழைய இடத்துக்குப் போயிருப்பார். ஒருமுறை பந்து அந்தக் காலி இடத்தில் விழுந்தபோது உடனே ஓடவில்லை. அங்கே நிற்கும் யாரோ கோட்டைவிட்டதுபோல் வெற்றுப் புல்லைப் பார்த்துக்கொண்டு ஒரு விநாடி நின்றார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வீட்டிலும் ஒன்று உண்டு. பனி இறங்கிய நாளில் தோட்டத்தில் இருந்து என்னைக் கூப்பிடமாட்டார். நான் எங்கே இருக்கிறேன் என்று தேடி, பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டுத்தான் பேசுவார். கூப்பிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “நீதான் பதில் சொல்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் முகம் வேடிக்கையாக இல்லை.

இந்த வருடம் செப்டம்பரில் அவர் நுரையீரல் கைவிட்டுவிட்டது. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஹார்லன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். முப்பத்துமூன்று வருடத்தில் எங்கள் வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் முறை.

“இன்னும் மூச்சு இருக்கா கிழவா?”

“உன் கட ஆணியெல்லாம் வளையுதுன்னு யாராவது உன்கிட்ட சொல்லணுமே. அதுக்காக வச்சிருக்கேன்.”

ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஒண்ணு கேக்கணும், ஒவீட். நீ போயிட்டா கேக்க ஆள் இல்ல. அந்தப் பந்து தரைல பட்டுதா?”

ஒவீட் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. “படல.”

“சத்தியமா?”

“படல, ஹார்லன். ஆனா நான் பிடிக்கல.”

நான் காப்பி போடுவதற்காக எழுந்தவள் அப்படியே நின்றேன்.

“பனிக்குள்ள போனதும் பந்து காணாமப் போச்சு. மேல பாத்தா வெள்ளை, கீழ பாத்தா வெள்ளை. என் கையே எனக்குத் தெரியல. அப்ப பின்னால ஓடி வர்ற சத்தம் கேட்டுது. ஆத்துப் பக்கத்துலேர்ந்து. ஈர பூட்ஸ் சத்தம். ‘எனக்கு’ன்னு கூப்பிட்டான்.”

“ராஸ்கோவா இருக்கும்.”

“பிரெஞ்சுல கூப்பிட்டான், ஹார்லன். ராஸ்கோவுக்கு இங்கிலீஷே ஒழுங்கா வராது. நம்ம டீம்ல அன்னிக்கு பிரெஞ்சு பேசறவன் நான் ஒருத்தன்தான்.” மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். “ஒருத்தன் கூப்பிட்டா மத்தவன் விலகணும். விலகிட்டேன். யோசிக்கல, கால் தானா விலகிச்சு. என் பக்கத்துல ரெண்டடி தள்ளி பந்து தோல்ல விழுந்துது. நீங்கல்லாம் கேட்ட சத்தம் அதான். அப்புறம் என் கிளவ் கனத்துச்சு. பாத்தா பந்து உள்ள இருக்கு. சொட்டச் சொட்ட.”

“யாரு குரல்?”

“லூசியன்.”

ஹார்லன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மருந்து மயக்கம் என்று என்னிடம் கண்ணைக் காட்டுவார் என்றுகூட நினைத்தேன். அவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஐடா, நீ மேசைலதானே இருந்த. அந்த ஏழாவதுக்கு அப்புறம் இவன் எங்க உக்காந்திருந்தான்?”

“வாளி பக்கத்துல.”

“கடைசிவரைக்கும்?”

“கடைசிவரைக்கும். எனக்கு ரெண்டடி தூரத்துல.”

“அப்ப என் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு?”

ஹார்லன் தன் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “ஏழாவது முடிஞ்சு உக்காந்தேன். பலக அமுங்கிச்சு. யாரோ வந்து ஒட்டி உக்காந்தான். சட்டக் கை என் கைல பட்டுது. சில்லுன்னு, கோட்டயும் தாண்டி. ஊறின மரப்பட்ட வாட. திரும்பிப் பாக்கல. பாத்தா ஆட்டம் போச்சே. அன்னிக்குப் பனிக்குள்ள போய் நனைஞ்சவன் நீ ஒருத்தன்தான். நீதான்னு முடிவு பண்ணிட்டேன். எட்டாவது முடிஞ்சு வந்தேன், மறுபடியும் அதே எடத்துல இருக்கான். இவன் வேணும்னே என் ஆட்டத்தக் கெடுக்க வந்து உக்காந்திருக்கான்னு நெனச்சேன். இன்னிவரைக்கும் அந்தக் கோவம்தான் உன் மேல.”

“அதான் அன்னிக்கு அப்படிப் பாத்தியா, விருந்துல?”

“அதான்.”

ஒவீட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏதாவது பேசினானா?”

“ஒரு வார்த்த இல்ல. வழக்கம் தெரிஞ்சவனாச்சே.”

ஒவீட் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். நான் முதுகைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தேன். அடங்கியதும் அவர் முகம் மறுபடி இறுகியது. “இத வெளிய சொன்னா உன் பலகயக் கழட்டிருவாங்க. ஒம்பது பேர் ஆட்டத்துல பத்துப் பேர் ஆடினா செல்லாது. சொல்லாம இருந்தா, நான் பிடிக்காத பந்துக்கு என் பேரு. ரெண்டும் எனக்கு வேணாம்னுதான் கையெழுத்துப் போடல.”

“புத்தகத்துல உன் பேரு இல்ல” என்றேன் நான். “ஏழுன்னுதான் இருக்கு. ஏழு அந்த எடத்தோட நம்பர்.”

“அது உங்க புத்தகம், டீச்சரம்மா. பந்துல பேருதானே எழுதணும்.”

ஹார்லன் முன்னால் குனிந்தார். “நான் ஒண்ணு கேக்கறேன். அவன் கூப்பிட்டப்ப நீ என்ன பண்ணின?”

“சொன்னேனே. விலகினேன்.”

“விலகாம நின்னிருந்தா?”

“மோதியிருப்போம்.”

“பந்து?”

ஒவீட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“கீழ விழுந்திருக்கும். கூப்பிட்டவன் யாருன்னு தெரியாம, கண்ணும் தெரியாம, குரல நம்பி வழி விட்ட பாரு, அது ஆட்டம் இல்லையா? நான் மட்டும் என்ன பண்ணினேன்? எறிஞ்சுட்டு, வாயப் பொளந்து அந்தப் பனியப் பாத்துட்டு நின்னேன். எனக்குப் பலக வச்சிருக்காங்க.”

கோட்டுப் பையில் இருந்து பந்தை எடுத்தார். பழுப்பேறியிருந்தது. பெயர்கள் மங்கியிருந்தன, அவற்றின் நடுவில் ஓர் இடம் காலி.

ஒவீட் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவர் விரல்களில் பிடி இல்லை. பந்தை நான் பிடித்துக்கொண்டேன். ஹார்லன் பேனாவைத் திறந்து கொடுத்தார். முதல் எழுத்தை வைத்ததும் மை பரவியது. கோடாக நிற்காமல், ஈரத் துணியில் விழுந்ததுபோல், நாலா பக்கமும் ஊர்ந்தது. என் கட்டைவிரலை நகர்த்திப் பார்த்தேன். தோல் குளிர்ந்திருந்தது. விரல் நுனியில் ஈரம்.

“கண்ணாடிப் பெட்டில இருந்துது” என்றார் ஹார்லன். “அலமாரி மேல. அத நான் தொறந்ததே இன்னிக்குக் காலைலதான்.”

வெளியே நல்ல வெயில். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் துணிகள் கொடியில் மொரமொரப்பாகக் காய்ந்து தொங்கின.

ஒவீட் பயப்படவில்லை. போர்வை நுனியால் அந்தக் கறையை ஒற்றி எடுத்தார், மெதுவாக, அழிந்துவிடக்கூடாது என்பதுபோல். அது நீலமாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு நின்றது. பந்தைப் பிடித்தவனுக்கு என்பதுபோல் அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே, தையலை ஒட்டி, தன் பெயரைச் சிறியதாக எழுதினார். அங்கே மை பிடித்தது.

ஹார்லன் பந்தை உடனே பையில் போடவில்லை. காயட்டும் என்று ஜன்னல் விளிம்பில், வெயில் விழும் இடத்தில் வைத்தார். நான் காப்பி கொண்டுவந்தேன். அது காயும்வரை உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் ஆனது.